உடையார்குடி சுவத்துல நந்தினி இல்லை

முதல்லயே சொல்லிடறேன், இது சினிமா விமர்சனம் இல்லை. பொன்னியின் செல்வன் ரெண்டு பாகமும் வந்து, ஓடி, டிவியில பத்து தடவை போட்டும் முடிச்சாச்சு. இப்ப வந்து விமர்சனம் எழுதினா "இப்பதான் தூங்கி எந்திரிச்சியா"ன்னு கேப்பீங்க. ஆனா இந்த விஷயம் ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி. அதான் எழுதி இறக்கி வச்சிடலாம்னு.

2023 ஏப்ரல் கடைசி. ரெண்டாம் பாகம் வந்த சமயம், லீவுல கடலூர் வந்திருந்தேன். அப்பாவைக் கூட்டிக்கிட்டு போனேன். அவர் தியேட்டர் பக்கம் வந்து பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். முதல் பாகத்தை வீட்டுல சின்னத் திரையில பாத்துட்டு "ம்ம்... குதிரை நல்லா ஓடுது"ன்னு மட்டும் சொன்னவர். இதுக்கு அவரே "டிக்கெட் போடு"ன்னார். இடைவேளை வரைக்கும் பாப்கார்ன் சாப்பிட்டார். அப்புறம் சாப்பிடலை. படம் முடிஞ்சு மஞ்சக்குப்பத்துல ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தினேன். கிளாஸை கையில வாங்கிட்டு சொன்னார்: "இவன் என் கரிகாலன் இல்லடா."

நான் சும்மா இருந்திருக்கணும். "ஏம்பா, விக்ரம் நல்லாத்தானே பண்ணியிருக்கார்"னு கேட்டுட்டேன். அவ்ளோதான். சேந்தன் அமுதன் எங்க, மணிமேகலை எங்க, பெரிய பழுவேட்டரையரை ஏன் இப்படி ஆக்கினான், கரிகாலன் என்ன சாவைத் தேடி அலையிற தேவதாஸா... கடைசியா ஒரு போடு போட்டார். "வரலாற்றையே மாத்திட்டானுங்க."

"அப்பா, அவங்க மாத்துனது வரலாற்றை இல்லை. கல்கியை."

டீ கிளாஸை வச்சுட்டு வண்டியில ஏறி உக்காந்துட்டார். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. என் சம்பளம், நான் வேலை மாறினது, கல்யாணத்தைத் தள்ளிப் போடுறது எதுக்கும் கோவிச்சுக்காத மனுஷன், மூணு நாள் என்கூட அளந்து அளந்துதான் பேசினார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். எங்க வீட்டு பொன்னியின் செல்வன் கடையில வாங்கினது இல்லை. 1950-லேர்ந்து 54 வரைக்கும் கல்கி பத்திரிகையில தொடரா வந்தப்ப தாத்தா வாரா வாரம் கிழிச்சு எடுத்து வச்சு, பைண்டு பண்ணினது. மணியம் வரைஞ்ச படங்களோட. சில அத்தியாயத்துக்குப் பின்பக்கம் பழைய விளம்பரம் இருக்கும், சின்ன வயசுல எனக்கு கதையைவிட அதுதான் பிடிக்கும். 2015 நவம்பர்ல கடலூர் மிதந்துச்சே, ஞாபகம் இருக்கா? வீட்டுக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிச்சதும் அப்பா முதல்ல பரண்ல ஏத்துனது அந்த அஞ்சு பைண்டு. அப்புறம்தான் ரேஷன் கார்டு, பத்திரம், என்னோட சர்ட்டிபிகேட் எல்லாம். (இதுல எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அது வேற கதை.) அப்படிப்பட்ட ஆளுகிட்ட போய் "அது கதைதானேப்பா"ன்னா கோவம் வருமா வராதா?

ஆனா விஷயம் என்னன்னா, அப்பா மட்டும் இல்லை. அந்த வாரம் நான் கேட்ட அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க. ஒரு ராஜா எப்படி இருக்கணும்னு நம்ம எல்லார் மண்டைக்குள்ளயும் ஒரு படம் ஓடுது. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாரும் யோசிக்கிறதில்லை. பாதி கல்கி. முகம் மணியம் கொடுத்தது. குரல் சிவாஜி கொடுத்தது. 1959-ல வீரபாண்டிய கட்டபொம்மன் வந்ததுலேர்ந்து ராஜான்னா அடுக்குமொழியில கர்ஜிக்கணும்னு நாம முடிவு பண்ணிட்டோம். ஜாக்சன் துரைகிட்ட பேசுற அந்த வசனத்தை ஸ்கூல் ஆண்டு விழாவுல நானும் மூச்சு விடாம பேசியிருக்கேன். அதை எழுதினது சக்தி கிருஷ்ணசாமி. ஆனா எங்க ஊர்ல பாதிப்பேருக்கு அது கட்டபொம்மனே பேசினது. 2015-ல பாகுபலி வந்தப்புறம் இன்னொரு அயிட்டமும் சேந்துடுச்சு. ராஜான்னா யானை மேல ஒரே தாவுல ஏறணும்.

எங்க பழைய தென்னார்க்காட்டு ராஜா ஒருத்தருக்கும் இதே கதிதான். செஞ்சி ராஜா தேசிங்கு. 1714-ல ஆற்காட்டு நவாப் சதாதுல்லா கான் படையோட மோதி இருபத்திச் சொச்சம் வயசுலயே செத்துப் போனவர். தெருக்கூத்துல அந்தச் சாவுக்காகவேதான் சனம் விடிய விடிய உக்காந்திருக்கும். அதே கதையை 1960-ல எம்.ஜி.ஆரை ரெட்டை வேஷத்துல போட்டு எடுத்தாங்க, சரியாப் போகலை. "எம்.ஜி.ஆர். சாகிறதை யார்றா காசு குடுத்துப் பாப்பான்"னு அப்பாவே சொல்லியிருக்கார். கூத்துல செத்தா கும்பிடுவாங்க, சினிமாவுல செத்தா எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஒரே ராஜா, ஒரே சாவு!

சரி, கரிகாலனுக்கு வரேன்.

நான் படிச்சது சிதம்பரத்துல, அண்ணாமலை யூனிவர்சிட்டியில எஞ்சினியரிங். அந்த நாலு வருஷத்துல சினிமாவுக்குப் போன நேரத்துல பத்துல ஒரு பங்கு லைப்ரரிக்குப் போயிருந்தா எங்கயோ போயிருப்பேன். சதாசிவ பண்டாரத்தார்னு ஒரு பெரியவர் இதே யூனிவர்சிட்டியில இருந்தவர். அவரோட 'பிற்காலச் சோழர் வரலாறு' முதல் பகுதியை 1949-ல வெளியிட்டதும் அண்ணாமலைதான், அதாவது கல்கி தொடரை ஆரம்பிக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. படிக்கிற காலத்துல அது எனக்குத் தெரியாது. அப்பாகிட்ட வாய் கொடுத்து மாட்டினதுக்கு அப்புறம்தான், எதையாவது காட்டி ஜெயிக்கணும்ங்கிற வெறியில தேடிப் படிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது, ஆதித்த கரிகாலன் கொலைக்கு நம்மகிட்ட இருக்கிற பெரிய சாட்சியே சிதம்பரத்துலேர்ந்து 25 கிலோமீட்டர்ல, காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவத்துல இருக்குன்னு. நாலு வருஷம் பக்கத்துல இருந்துட்டு எட்டிக்கூட பாக்கலை.

அந்தக் கல்வெட்டு ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருஷத்துல வெட்டினது. அவர் பட்டம் ஏறினது 985. அண்ணன் கரிகாலன் கொலையானது ஏறக்குறைய 970 வாக்குல. நடுவுல சித்தப்பா உத்தம சோழர் ஆட்சி. கொலையாளிங்க பேர் அதுல இருக்கு: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன்.

ரவிதாசன்! பேரைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வர்றாங்க? நாவல்ல ஆந்தை மாதிரி கத்துற மந்திரவாதி. படத்துல காடு மேடெல்லாம் வன்மத்தோட திரியிற கிஷோர். ஆனா பிரமாதிராஜன்ங்கிறது அரசாங்கத்துல பெரிய பதவியில இருந்த பிராமணர்களுக்குக் கொடுத்த பட்டம். ஒருத்தன் பட்டத்துலயே 'இருமுடிச்சோழ'ன்னு சோழன் பேர் இருக்கு பாருங்க. பாண்டியன் சாவுக்குப் பழி வாங்கினாங்கன்னே வச்சுக்குங்க (பஞ்சவன்ங்கிற பேரை வச்சு அப்படி ஒரு வாதம் இருக்கு), அப்பவும் இவங்க காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த கூட்டம் இல்லை. சோழ நாட்டுலயே நிலம் நீச்சோட, சொந்தபந்தத்தோட, பட்டத்தோட வாழ்ந்தவங்க. எங்க பாஷையில சொன்னா, வெளியிலேர்ந்து வந்த ஹேக்கர் இல்லை, அட்மின் பாஸ்வேர்டு வச்சிருந்தவனே பண்ணின வேலை. இது எவ்ளோ பயங்கரமான கதை! கல்கியும் இதை எடுக்கலை, மணிரத்னமும் எடுக்கலை. ரெண்டு பேருமே ஆளுங்களைக் காட்டுக்கு அனுப்பிட்டாங்க.

நந்தினி அந்தச் சுவத்துல இல்லை. அந்தச் சுவத்துல மட்டும் இல்லை, எந்தக் கல்வெட்டுலயும் இல்லை. கல்கியோட கற்பனை. கடம்பூர் மாளிகையில கொலை நடந்ததா எந்தக் கல்வெட்டும் சொல்லலை. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல மேலக்கடம்பூர் இருக்கு, தேர் மாதிரி கட்டின அருமையான கோயில் இருக்கு. படம் வந்தப்புறம் மாளிகையைத் தேடி வர்றவங்களும் உண்டாம், அந்த ஊர்க்காரன் எனக்கு ஜூனியர், அவன்தான் தலையில அடிச்சுக்கிட்டு சொன்னான்.

இன்னொண்ணு. திருவாலங்காட்டுச் செப்பேடு, ராஜேந்திர சோழன் காலத்துது. கரிகாலன் பாண்டியனோட தலையை ஊர்ல வெற்றித் தூண் மாதிரி நட்டு வச்சான்னு பெருமையாச் சொல்லுது. அடுத்து உடனே, அவன் சொர்க்கத்தைப் பாக்கிற ஆசையில போயிட்டான்னு முடிச்சிடுது. கொலைன்னு ஒரு வார்த்தை கிடையாது. சொந்தக் குடும்பமே எழுதினதுல! படத்துல விக்ரம் அந்தத் தலையை வெட்டினதை நெனச்சு நெனச்சு வெந்து சாகிறார். "வீரன் இப்படியா அழுவான்"னு அப்பாவுக்கு ஆத்திரம். செப்பேட்டுக் கரிகாலன் அழலை, சரிதான். ஆனா அவன் தலையை ஊர் நடுவுல நட்டு வச்சுட்டு நின்னவன். அந்தக் கரிகாலனை அப்படியே எடுத்திருந்தா அப்பா இடைவேளைக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்திருப்பார்.

அப்பா பெரிய துரோகம்னு சொன்னது க்ளைமாக்ஸை. நாவல்ல சேந்தன் அமுதன்தான் நிஜ மதுராந்தகன், அவன் தலையில கிரீடம். படத்துல அந்த முடிச்சே கிடையாது, ரகுமான் நடிச்ச மதுராந்தகருக்கே அருள்மொழி விட்டுக் கொடுக்கிறார். அதே திருவாலங்காட்டுச் செப்பேடு என்ன சொல்லுதுன்னா, சனங்க அருள்மொழியைத்தான் கேட்டாங்க, சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிற வரைக்கும் எனக்கு வேணாம்னு அவர் மனசாலயும் நினைக்கலைன்னு. ஆள் மாறாட்டம் எல்லாம் இல்லை. அதாவது எதை "வரலாற்றையே மாத்திட்டான்"னு சொல்றோமோ, அந்த இடத்துலதான் படம் கல்கியை விட்டுட்டு செப்பேட்டுக்குக் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு. (கடைசியில வர்ற ராஷ்டிரகூடர் சண்டைக்கு நான் ஜவாப்தாரி இல்லை. பட்ஜெட் போட்டவங்களுக்கு ஒரு போர் வேணும், விடுங்க.)

அதனால என் கட்சி இதுதான். படம் கல்கியை விட்டு விலகினதுதான் குத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னமோ விலகினது பத்தலைன்னு தோணுது. ஒரு தம்பி பதினஞ்சு வருஷம் சும்மா இருக்கான். அண்ணனைக் கொன்னவங்க யாருன்னு தெரியுமா, தெரிஞ்சும் இருந்தானா? நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர் மேலயே சந்தேகப்பட்டார். பண்டாரத்தார் இல்லவே இல்லைன்னு மறுத்தார். நடவடிக்கை முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும், கல்வெட்டு பின்னாடி நிலம் கைமாறினதைத்தான் சொல்லுதுன்னு இன்னொரு வாதமும் இருக்கு. பிராமணங்கிறதால தலையை எடுக்காம விட்டுட்டான்னு ஒரு கோஷ்டி, இல்லைன்னு ஒரு கோஷ்டி, இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க. முதல் பாகம் வந்த சமயத்துல 2022 அக்டோபர்ல ராஜராஜன் இந்துவா இல்லையான்னு நடந்த கும்மி தனி. இவ்ளோ கேள்வி இருக்கிற ஒரு ராஜாவை வச்சுக்கிட்டு, நமக்கு சிக்ஸ் பேக் போதுமா வசனம் போதுமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

1973 ராஜராஜ சோழனையும் பாருங்க. தமிழோட முதல் சினிமாஸ்கோப், அரு.ராமநாதன் நாடகம், ஏ.பி.நாகராஜன் டைரக்ஷன். எதிர்பார்த்துப் போய் உக்காந்தா பொண்ணு குந்தவைக்கும் வேங்கிநாட்டு விமலாதித்தனுக்கும் காதல், நம்பியார் சதி, அப்பா மக பாசம். குடும்பப் படம்! ஆனா சிவாஜி நடந்து வர்ற நடைக்காகவே அது ராஜராஜன் படம்னு ஒத்துக்கிட்டோம். நிஜ ராஜராஜன்? நாட்டையே அளந்து வரி போட்டவர். பெரிய கோயிலுக்குக் கொண்டு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பேர், முன்னாடி இருந்த ஊர், இப்ப எந்தத் தெருவுல எத்தனாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லுன்னு சுவத்துல வெட்டி வச்சவர். ஒரு டேட்டாபேஸ் ஆளா எனக்கு அதைப் பாத்தாதான் புல்லரிக்கும். இதை யாராவது படமா எடுத்தா அப்பா தூங்கிடுவார், நான் விசிலடிப்பேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவை உடையார்குடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். "சிதம்பரம் போயிட்டு வரலாம்"னு சொல்லித்தான் கிளப்பினேன். தில்லையில தரிசனம் முடிச்சு, அங்க மண்டபத்துல உக்காந்து தேவாரம் கிடைச்ச கதையைச் சொன்னார். மூவர் வந்தாத்தான் அறையைத் திறப்போம்னு தீட்சிதர்கள் சொல்ல, ராஜா சண்டை போடாம மூணு பேர் சிலையைக் கொண்டாந்து நிறுத்தின கதை. எத்தனை தடவை சொன்னாலும் அந்த இடத்துல சிரிப்பார். அப்புறம் பைக்கை மேற்கே திருப்பினேன். எங்கன்னு கேக்கலை, தெரிஞ்சிருக்கும்.

கோயில்ல ஆள் இல்லை. சுவத்துல எழுத்து வரிசை வரிசையா இருக்கு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்து ஓடலை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழ். நான் போன்ல வச்சிருந்த வாசகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்ல கேட்டுக்கிட்டு நின்னார். கரிகாலனைக் கொன்ன துரோகிகள்ங்கிற இடத்துல கையை சுவத்துல வச்சுட்டார். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

அடுத்தது வந்துச்சு. யார் யார் சொத்தைப் பறிக்கணும்ங்கிற பட்டியல். அவங்க மட்டும் இல்லை. தம்பிமார், பிள்ளைங்க, பொண்டாட்டிங்க, தாய்மாமன், பிள்ளைங்களுக்குப் பொண்ணு கொடுத்த மாமன்... கல்யாணப் பத்திரிகையில கூட இவ்ளோ உறவுமுறை போட மாட்டோம். எல்லார் நிலமும் போச்சு. அந்த நிலத்துல ஒரு பங்கை ஒருத்தர் பொன் கொடுத்து வாங்கி, அன்னதானத்துக்கு எழுதி வச்சிருக்கார். கல்வெட்டே அதைப் பதியத்தான். கொலை அதுல போற போக்குல வர்ற விஷயம்.

அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "பொண்ணு குடுத்தவன் என்னடா பண்ணான்?"

எனக்கு பதில் தெரியலை. இதைச் செஞ்சது கரிகாலன் இல்லை. அருள்மொழி. பொன்னியின் செல்வன். அவர் மூணு தடவை படிச்ச அஞ்சு பாகத்துல எறும்புக்கும் தீங்கு நினைக்காத பிள்ளை.

திரும்பும்போது லால்பேட்டை தாண்டி வீராணம் ஏரிக்கரை மேலயே வந்தோம். வந்தியத்தேவன் ஆடிப் பதினெட்டு அன்னிக்குக் குதிரையில வந்த அதே கரை. 2004-லேர்ந்து இந்தத் தண்ணி சென்னைக்குப் போகுது, நான் அங்க குடிக்கிறதும் இதுதான். பாதி வழியில வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏரியைப் பாத்துக்கிட்டே கேட்டார்.

"கல்கிக்கு இந்தக் கல்வெட்டு தெரியுமா?"

"தெரியாமலா? ரவிதாசன்ங்கிற பேரே இங்கேர்ந்து எடுத்ததுதானே."

"அப்ப அந்த மாமன்மாரை எல்லாம் அவர் படிச்சிருப்பார்."

"படிச்சிருப்பார்ப்பா."

"ம்"னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நானா இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்டா"ன்னார். வண்டியை எடுத்தேன்.

டிஸ்கி: அப்பா போன மாசம் திரும்பவும் முதல் பைண்டை எடுத்திருக்கார். ரவிதாசன் வர்ற பக்கம் எல்லாம் பென்சில்ல ஒரு சின்ன கோடு போட்டு வச்சிருக்கார். ஏன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்கிறார்.